சனிக்கிழமை வகுப்பில் இரண்டு கையெழுத்து

1

மதுரையிலிருந்து கருப்பையா அனுப்பிய குரல் செய்தி ஒரே ஒரு வரிதான். "அண்ணே, அந்தக் கட்டத்தை நீங்க எதுக்குத் தொட்டீங்க?"

நான் அப்போது கல்லூரியில் அச்சு இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் அடையாள அட்டையைக் காட்டினால்தான் அது காகிதம் கொடுக்கும். காட்டியும் கொடுக்காத நாட்கள் உண்டு. செய்தியை இரண்டு முறை கேட்டேன். கருப்பையா கோபப்படுகிற ஆள் இல்லை. குரலில் கோபமும் இல்லை, ஒருவிதமான ஆச்சரியம்தான் இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த மனிதன் சட்டென்று சாக்கடையில் கால் வைத்ததைப் பார்த்தவர் பேசுகிற குரல்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சிறு நகரம். வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. புள்ளியியல் கற்பிக்கிறேன். அதற்கு முன் பதிமூன்று ஆண்டுகள் மதுரையில் ஒரு கல்லூரியில் அதே புள்ளியியலைக் கற்பித்தேன். கருப்பையா அங்கே எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது துறைத் தலைவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்தான் கேட்டார். "வாரத்துக்கு ஒரு கிளாசு ஆன்லைன்ல எடுங்கண்ணே. ஃபாரின் புரொபசர்னு போட்டா இன்ஸ்பெக்சன்ல நமக்கு நல்லது." இப்படியாக, மதுரை வில்லாபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் மதுரைக்கே வெளிநாட்டுப் பேராசிரியர் ஆனேன்.

கட்டம் என்று அவர் சொன்னது மதிப்பெண் ஏற்றும் இணையப் பக்கத்தில் இருப்பது. ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் நேரே, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு கட்டம். இந்த மாணவரின் நேர்மையில் ஐயம் உள்ளது என்றால் அதில் டிக் செய்ய வேண்டும். மென்பொருள் விற்றவர்கள் சேர்த்தே கொடுத்தது. அது வந்த நாளிலிருந்து அந்தக் கல்லூரியில் ஓர் ஆசிரியர்கூட அதைத் தொட்டதில்லையாம். தொட்டால் என்ன ஆகும் என்றே யாருக்கும் தெரியாதாம். நான் பவித்ரா என்ற பெண்ணின் பெயருக்கு நேரே டிக் செய்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட் நின்றுபோனது.

2

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையில் வகுப்பு. எனக்கு அப்போது மாலை ஐந்தரை. இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதால் சில மாதங்கள் நாலரை. முதல் வருடம் இதில் குழம்பி, ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்பாகவே போய் உட்கார்ந்து காலித் திரைக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு என்றால் நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கேமராவைப் போடச் சொன்னால் நெட் போய்விடும் என்பார்கள், அது உண்மையும்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். அரட்டைப் பெட்டியில் 'எஸ் சார்' மளமளவென்று விழும். எண்ணினால் சில நாள் நாற்பத்திரண்டும் இருக்கும்.

நம் ஊரில் மாணவர் புரியவில்லை என்று வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் வாத்தியாருக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஆகிவிடும். ஆகவே புரிந்தது என்று சேர்ந்து சொல்வார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் சொன்னேன். ஆனால் வகுப்பறையில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாய் புரிந்தது என்று சொல்லும்போதே மூன்றாவது பெஞ்சில் ஒருவன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். அதைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். கறுப்புக் கட்டத்துக்குப் பேனா மூடி கிடையாது.

இதில் பவித்ரா மட்டும் கேள்வி கேட்பாள். அலங்காநல்லூர் பக்கத்துப் பெண், கடைசி வருடம். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தும்போது ஒரு நாள், தொலைபேசியில் அழைத்து மக்களிடம் கருத்துக் கேட்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரட்டைப் பெட்டியில் தங்கிலீஷில் வந்து விழுந்தது: 'சார், போன் இல்லாத வீட்டுக்காரங்க இந்தக் கணக்கில எங்க வருவாங்க? அவங்க நினைக்கிறது வேற மாதிரி இருந்தா விடை தப்பாதானே வரும்?' பாடப் புத்தகத்தில் அது இரண்டு பாடம் தள்ளி வருகிறது. அதை அவள் தானாகவே வந்து தொட்டுவிட்டாள். இங்கே பட்ட வகுப்பில்கூட அந்தக் கேள்விக்காக நான் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மைக்கைப் போடச் சொல்லி அதையே திருப்பிக் கேட்டேன். திணறினாள். வேறொரு வாரம் பிரமாதமாகக் கேட்டாள். அதற்கடுத்த வாரம் சாதாரணக் கூட்டல் கணக்கில் தடுமாறினாள். ஒரே ஆள் இத்தனை ஏற்ற இறக்கத்தோடு இருக்க முடியாதே என்று மனதில் ஒரு முள் தைத்தது. பிறகு வீட்டுக் கணக்கு வந்தது. நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். ஐந்து கணக்கில் முதல் மூன்றும் உருண்டையான, நிதானமான எழுத்து. கடைசி இரண்டும் சாய்ந்த, அவசரமான எழுத்து. அதில் ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. முதல் மூன்றில் ஏழுக்குக் கோடு இல்லை. கடைசி இரண்டும்தான் கடினமான கணக்குகள். அவைதான் அழகாகவும் போடப்பட்டிருந்தன.

நான் கட்டத்தில் டிக் செய்தேன். ஒரு நொடி வேலை. பிறகு சாப்பிடப் போய்விட்டேன்.

3

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பயிற்சி வைத்தார்கள். மாணவர் எழுதியதில் சந்தேகம் வந்தால் அவரிடம் பேசக் கூடாது, படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும், மற்றதை அதற்கென்று இருக்கிற குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். என்ன ஊர் இது, பெற்ற பிள்ளையைப் போலீசில் ஒப்படைப்பது மாதிரி இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. இன்னும் சொன்னால், பிடித்துவிட்டது. யாரும் என் அறைக்கு வந்து அழுவதில்லை. யாரையும் மன்னிக்கிற பாரமும் தண்டிக்கிற பாரமும் எனக்கு இல்லை. படிவத்தை அனுப்பிவிட்டு மனிதன் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம்.

மதுரையில் இருந்தபோது இப்படி இல்லை. ஒருவன் அடுத்தவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பான், நண்பன் போட்ட அடித்தல் திருத்தல் உட்பட. ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைப்பேன். "யார் எழுதினது, உண்மையச் சொல்லு" என்பேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பான். பிறகு சொல்லிவிடுவான். மறுபடி முழுக்க எழுதி வா என்பேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அது ரொம்ப நியாயமான முறை என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தவனைச் சீக்கிரம் விட்டிருக்கிறேன், பிடிக்காதவனை வெகுநேரம் நிற்க வைத்திருக்கிறேன். ஆனால் யார் எழுதியது என்ற கேள்வியை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் கை பழகிப்போயிருந்தது. மதுரைப் பக்கத்தில் கட்டத்தைக் கண்டதும் அந்தக் கை தானாகப் போய் அழுத்திவிட்டது. அங்கே இருக்கிற ஒவ்வொரு ஆசிரியருக்கும் அது தொடக்கூடாத பொருள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரன்தான் நான், ஆனால் வெளியூர்க்காரன் செய்கிற தப்பைச் செய்துவிட்டேன்.

கருப்பையாவை அன்று மாலையே அழைத்தேன். மீதியைச் சொன்னார். "ஏப்ரல் கடைசியில பரீட்சைண்ணே. ஹால் டிக்கெட் வரலைன்னா நவம்பர்லதான் எழுத முடியும். அந்தப் புள்ளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில வேல சொல்லியிருக்காங்க, ஜூன்ல டிகிரியோட வரச் சொல்லி. அது போயிரும். நேத்து அவங்கப்பா வந்து ஒரு வார்த்த பேசாம எம்புட்டு நேரம் நின்னாரு தெரியுமா? எனக்குப் பாக்க முடியல."

சாப்பாட்டு மேசையில் மகளிடம் இதைச் சொன்னேன். தாரணி இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வகுப்புக்குப் போவதே இல்லை. எல்லா விரிவுரையும் பதிவாகி வந்துவிடுகிறது, அதைப் படுக்கையில் படுத்துக்கொண்டு இரட்டை வேகத்தில் கேட்கிறாள். அவளுடைய பேராசிரியர்கள் எல்லோரும் அணில் மாதிரி கீச்சுக் கீச்சென்று பேசுவதைக் கதவு வழியே நான் கேட்டிருக்கிறேன். நேரில் போனால் அவர்கள் ரொம்ப மெதுவாகப் பேசுவதுபோல் இருக்கிறதாம், தூக்கம் வருகிறதாம். என்னுடைய தொழில் இப்படி வீட்டுக்குள்ளேயே அவமானப்படும் என்று நான் நினைத்ததில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவள், "நீ அவளைக் கேட்டியா, அப்பா?" என்றாள். நீ, நீங்கள் இரண்டும் அவள் தமிழில் ஒன்றுதான்.

"கேட்கக் கூடாது என்பதுதான் முறை" என்றேன்.

"இங்க முறை. அங்க உனக்கு யாரு சொன்னா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

4

போட்ட டிக்கை எடுக்கலாம் என்று இணையப் பக்கத்தைத் திறந்தேன். கட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது. அழுத்தினால் அசையவில்லை. தேர்வுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தங்கள் கடிதம் கிடைத்தது என்று தானியங்கிப் பதில் உடனே வந்தது. நான்கு நாள் கழித்து மனிதர் எழுதிய பதில் வந்தது. மூன்று பேர் கொண்ட விசாரணை நடக்கும், ஐயம் எழுப்பிய ஆசிரியர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், இணையவழி கலந்துகொள்ள விதியில் இடமில்லை என்று இருந்தது.

இரண்டு ஆண்டுகளாக ஒரு நாள்கூட நேரில் வராமல் நான் அங்கே ஆசிரியராக இருக்க விதியில் இடம் இருந்தது. தவறைத் திருத்த மட்டும் கால் கடுக்க வர வேண்டும். கருப்பையாவிடம் சொன்னேன். சிரித்தார். "விதி செஞ்சவங்க உங்களை மாதிரி ஒரு ஆள் வருவாருன்னு நெனச்சிருக்க மாட்டாங்கண்ணே."

நல்லவேளையாக ஏப்ரல் விடுமுறையில் அக்காவைப் பார்க்க மதுரைக்குப் போக ஏற்கெனவே விமான டிக்கெட் எடுத்திருந்தேன். விசாரணையை அந்த வாரத்து வியாழக்கிழமைக்கு வைக்க வைத்தார் கருப்பையா. பரீட்சைக்கு அப்போது பத்து நாள்தான் மீதி இருக்கும். விமானத்தில் வரும்போது பவித்ராவின் ஐந்து கணக்கையும் கைபேசியில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பொய் சொன்னால் என்ன செய்வது, அழுதால் என்ன செய்வது என்று யோசித்தேன். பதினோரு ஆண்டுகளாக என் முன்னால் எந்த மாணவரும் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

5

அக்கா வில்லாபுரத்தில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். "பத்து நாளைக்கு வந்திருக்க, அதுலயும் காலேஜா?" என்றாள். இட்லியை வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள். டவுன் பஸ்ஸில் போனேன். சிம்மக்கல்லில் பஸ் மாற இறங்கும்போது, நியூசிலாந்தில் எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கும் பழக்கத்தில், "தேங்க்ஸ்ணே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் எதையாவது விட்டுவிட்டேனா என்று என் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

துறைத் தலைவர் அறையில் கருப்பையாவும் தேர்வுப் பிரிவிலிருந்து ஓர் அம்மையாரும் நானும். பவித்ரா உள்ளே வந்தாள். பெயராக மட்டும் தெரிந்தவர்களுக்கு நாமே ஓர் உயரம் கொடுத்துவிடுகிறோம்போலிருக்கிறது. நான் நினைத்ததைவிட அவள் நன்றாகவே குள்ளம். என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றாள். மைக்கில் கேட்ட அதே குரல். ஆனால் உதடு நடுங்குவது மைக்கில் தெரிந்ததில்லை.

கருப்பையா நோட்டுப் பக்கங்களை மேசையில் விரித்தார். "இதெல்லாம் ஒன் கையெழுத்தாம்மா?"

"மூணு என்னோடது சார். கடைசி ரெண்டு நாகஜோதியோடது."

அம்மையார் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். "நாகஜோதின்னு இந்தப் பேப்பர்ல யாருமே இல்லையே."

"அவ இப்பக் காலேஜுல இல்ல மேடம். எங்ககூடத்தான் சேந்தா. ஃபர்ஸ்ட் இயரோட நின்னுட்டா."

பிறகு மெதுவாக வந்தது. நாகஜோதி அதே தெரு. அப்பா லோடு வண்டியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அம்மா வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறாள், அந்த ஆறு நாளும் நாகஜோதிதான் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அம்மா வீட்டில் இருப்பாள். அன்று காலை நாகஜோதி பவித்ரா வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் ஒரே போனைச் சுவரில் சாய்த்து வைத்து என் வகுப்பைக் கேட்பார்கள். இரண்டு பருவமாக இப்படி.

"அவ கேக்கறத நான் டைப் பண்ணுவேன் சார். நான் கேட்டதும் இருக்கு. ஆனா எல்லாம் என் பேருலதான வரும்."

"போன் இல்லாத வீட்டுக்காரங்க கேள்வி?" என்றேன்.

"அது அவளோடது சார்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வேற ஆள்கிட்டக் குடுத்து எழுதி வாங்கியிருக்க. அதான?"

பவித்ரா உடனே இல்லையென்று தலையை ஆட்டினாள். "எழுதி வாங்கல மேடம். எனக்குப் போடத் தெரியும். அவதான் கெஞ்சிக் கேட்டா, கடைசி ரெண்டும் நான் எழுதட்டுமாடின்னு. சார் செவப்புப் பேனாவுல திருத்தி மார்க்குப் போட்டு அனுப்புவாருல்ல, அதப் பாக்கணும்னு அவளுக்கு ஆச. அவ எழுதறத யாரு திருத்துறா இப்ப. அதான் எழுதட்டும்னு விட்டேன்."

நான் அந்த இரண்டு கணக்கையும் திருத்தவே இல்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. எழுத்து மாறியதைப் பார்த்தவுடன் பேனாவை வைத்துவிட்டுக் கட்டத்துக்குப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. அதை அங்கே சொல்லவில்லை.

பவித்ராவுக்குப் பலகையில் இரண்டு கணக்கு கொடுத்தோம். ஒன்றை மளமளவென்று போட்டாள். மற்றதில் நடுவே நின்று, அழித்து, மறுபடி போட்டாள். விடை சரி. அம்மையாருக்கும் திருப்திதான். நாகஜோதி எழுதிய இரண்டு கணக்குக்கும் மதிப்பெண் இல்லை என்று முடிவு செய்தோம். அது போனாலும் பவித்ரா தேறிவிடுவாள்.

டிக்கை எடுக்க ஒரு படிவம். காரணம் என்ற இடத்தில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்: மாணவர் மன்னிப்புக் கோரினார், போதிய சான்று இல்லை, ஆசிரியரின் தவறு. மூன்றாவதைக் காட்டினேன். தேர்வுப் பிரிவில் கணினிக்கு முன் இருந்த பையன் தயங்கினான். "சார், இதப் போட்டா உங்க பேருல ரெக்கார்டா நின்னுரும்." நிற்கட்டும் என்றேன். நான் கண்டது சரி, செய்தது தவறு என்று ஒரு நாலாவது காரணம் இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பேன். ஹால் டிக்கெட் அச்சாகி வெளியே வந்தது. பவித்ரா அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

வெளியே நடைபாதை பெஞ்சில் பவித்ராவின் அப்பாவும், அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி ஒல்லியான ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு நோட்டு. என்னைக் கண்டதும் எழுந்தாள். நாகஜோதிதான். அன்று அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தையை வரச்சொல்லிவிட்டு வந்திருந்தாளாம்.

"நான் அங்க ஒக்காந்ததுதான் தப்பா சார்?" என்றாள்.

"இல்லம்மா. என் மேலதான் தப்பு."

பவித்ராவின் அப்பா குறுக்கிட்டார். கடுமையாக இல்லை, களைத்துப்போய்ப் பேசினார். "தப்பா நெனக்காதீங்க சார். இனிமே சனிக்கெழம வீட்டுக்கு வர வேணாம்னு இந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டேன். நல்ல புள்ளதான். ஆனா எம் மகளுக்கு மறுபடி ஒண்ணுன்னா எங்களுக்குத் தாங்காது." நாகஜோதி அவர் பேசும்போது தலை குனியவில்லை. அது நியாயம்தான் என்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

உனக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுக்கிறேன், என்னுடைய இணைப்பை அனுப்புகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். "தனியா ஒக்காந்து கேட்டா எனக்கு ஓடாது சார். நீங்க சொல்றது சரியா இல்லையான்னு நானும் இவளும் சண்ட போடுவோம். அதுலதான் எனக்குப் புரியும்."

கருப்பையா, "மறுபடி சேத்துக்கலாம்ணே. ஆனா டெய்லி வரணும். அட்டெண்டன்ஸ் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவரைப் பார்த்து நாகஜோதி, "தெரியும் சார், முன்னாடியே வந்து கேட்டுட்டேன்" என்றாள்.

நேருக்கு நேர் உட்கார்ந்து கற்பதுதான் கல்வி என்று நான் நியூசிலாந்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து பேசுகிறவன். சக ஆசிரியர்களுக்கு அது என் வாய்ப்பாடு. அந்த நடைபாதையில் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. நேரில் வரச் சொல்கிற கல்லூரியில் இவளுக்கு இடமில்லை. சுவரில் சாய்த்து வைத்த ஒரு போனில்தான் இவளுக்கு இடம் இருந்தது. அதைத்தான் நான் போய் அடைத்திருக்கிறேன்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பரீட்சைக்கு முன் கடைசி வகுப்பு இந்தச் சனிக்கிழமை, நான் ஊரில்தானே இருக்கிறேன், இங்கேயே வந்து நேரில் எடுக்கிறேன், நீயும் வா என்றேன். பவித்ராவின் அப்பாவிடமும் கேட்டேன். "காலேஜுல நடக்குதுன்னா எனக்கென்ன சார்" என்றார்.

6

சனிக்கிழமை கல்லூரி வாசலில் அட்டையைக் காட்டினால் திறக்கும் இயந்திரம். மாணவர்கள் ஒவ்வொருவராகக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். பவித்ராவும் போய்விட்டாள். நாகஜோதி வெளியே நின்றாள். நான் திரும்பி வந்து காவலாளியிடம் சொன்னேன்.

"இந்தப் பொண்ணு என் கிளாசுக்குத்தான் வந்திருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு முன் அவரே மாட்டிவிட்டதுதான். "சார், நீங்களே விசிட்டர்தான். விசிட்டர் விசிட்டரக் கூட்டிட்டுப் போக முடியாதுல்ல."

கருப்பையாவை அழைத்தேன். அவர் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. அலுவலகத்தில் சனிக்கிழமை ஆள் இல்லை. காவலாளி நல்ல மனிதர்தான். "மிசினுல பேரு வரணும் சார், நான் என்ன செய்ய" என்று இரண்டு முறை சொன்னார். பதிமூன்று ஆண்டுகள் இதே வாசலில் அட்டையே இல்லாமல் நுழைந்தவன் நான். அதை அவரிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

"நேரமாகுது சார், நீங்க போங்க" என்றாள் நாகஜோதி. "எதுத்தாப்புல ஜூஸ் கடையில ஒக்காந்துக்கறேன். அம்மா போனக் கொண்டாந்திருக்கேன். பவித்ரா அவ போன்ல வீடியோ போட்டு விடுவா."

"தனியாக் கேட்டா ஓடாதுன்னு சொன்னியே?"

"போனு அவ பக்கத்துலதான சார் இருக்கும்."

உள்ளே போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு ஆண்டுகளாகப் பெயராக இருந்தவர்களுக்கெல்லாம் முகம் வந்திருந்தது. பெயர் வாசித்தபோது ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தேன். அரட்டைப் பெட்டியில் நிறையச் சிரிப்புப் பொம்மை போடுகிறவன் நேரில் வாயையே திறக்கவில்லை. மாதிரிக் கணக்கெடுப்பை முதலிலிருந்து நடத்தினேன். கையில் சாக்பீஸ் இருந்தது, பின்னால் பெரிய பலகை இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நாலாவது வரிசையில் ஒரு பையனுடைய புருவம் புரியவில்லை என்று சொன்னது. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை புருவம் இறங்கியது. இதற்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் கைபேசி கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. பவித்ரா முதல் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். ஒரு சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு, அதன் முன்னால் நின்று, நாற்பத்திரண்டு முகங்களையும் பார்த்து விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பெஞ்சிலிருந்து, கரகரவென்று, பின்னால் பஸ் ஹாரனோடு ஒரு குரல் வந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க போர்டை மறைக்கிறீங்க."

வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டுச் சட்டென்று அடங்கியது. பவித்ரா பதறிப்போய்ப் போனை மூடக் கையைக் கொண்டுபோனாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நான் தள்ளி நின்றேன்.